ஒன்பதாவது தகடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது எரிச்சலில். மதியம் சாப்பிட்டுக் கண்ணசரும் நேரமாகப் பார்த்து, பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டில் யாரோ இரும்பை அறுக்கிறார்கள். கர்ர், கர்ர். அரைத்தூக்கத்தில் கேட்டுக்கேட்டு, அறுப்பவருக்கு ஒரு முகம், ஒரு தொழில், ஒரு மனைவி என்று எல்லாம் அமைந்துவிட்டது. எழுந்துபோய்ச் சண்டை போட்டிருக்கலாம். சோம்பல். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'இரும்பு மணம் கமழும் அந்த அறையில் ஓர் ஏகாந்த...' வேண்டாம். இரும்பு எங்கே கமழ்ந்தது?

இரண்டாவது: அவர் கணக்கு வாத்தியார். கார் இல்லாத கார் ஷெட்டில் ஒரு மேசை, இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், அறுக்க ஹேக்சா, ராவ அரம். மனைவியின் சக்கர நாற்காலியில் முன்சக்கரத்தைப் பிடித்திருந்த தகடு உடைந்துவிட்டது. செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அதனால் என்ன? தகட்டின் நீளம் எழுபத்திரண்டு மில்லிமீட்டர். இரும்புப் பட்டையில் இரண்டு கோடு போட்டு, இரண்டு கோட்டிலும் அறுத்தால் தீர்ந்தது.

அறுத்தார். ஒரு மில்லிமீட்டர் குறைந்தது. சக்கரம் கடகடவென்று ஆடியது.

இப்படியே எட்டுத் தகடு. எட்டிலும் அதே ஒரு மில்லிமீட்டர். ஸ்கேலைச் சந்தேகப்பட்டார், மூக்குக்கண்ணாடியைச் சந்தேகப்பட்டார். (நான் அவரையே சந்தேகப்பட்டேன். இவ்வளவு படித்தவர் இப்படியா சொதப்புவார்? எழுதியதை அடித்துவிட்டு வேறு ஆளைப் போடலாமா என்றுகூட யோசித்தேன். கர்ர் சத்தம் விடவில்லை.)

3

வெல்டிங் கடையில் கொடுத்தால் அரைமணி நேர வேலை. மனைவி சொல்லிப் பார்த்தாள். மூன்று வாரமாக அவள் வாசலைத் தாண்டவில்லை. தெருக்கோடியில் அவளுடைய தையல் கடை பூட்டிக் கிடக்கிறது. நான்தான் செய்வேன் என்று அவர் ஒரே பிடியாக நின்றார்.

ஏன் என்பதை மூன்று வரைவுகளில் மறைத்தேன். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. விபத்து நடந்த அன்றைக்கு ஸ்கூட்டரை ஓட்டியவர் அவர். பின்னால் இருந்தவளுக்குக் கால்கள் போயின. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அன்றிலிருந்து நாற்காலியை அவர்தான் தள்ளுகிறார், கடைக்குப் போக, வர, ஒருநாள் விடாமல்.*

* தள்ளச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இது எனக்கே ஐந்தாவது வரைவில்தான் தெரியவந்தது.

4

மதிய வெயில் கதவிடுக்கில் நுழைந்து தரையில் படுத்திருந்தது. தூசி மெல்ல மினுங்கியது. ஆடுகிற சக்கரத்தோடு ஷெட் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தவள், கன்னத்தில் கைவைத்து அவர் அறுப்பதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். (தப்பை அவரே கண்டுபிடிப்பதாகத்தான் எழுதியிருந்தேன். அவள் விட்டால்தானே!)

"கோட்டு மேலயே அறுக்கறீங்களே?"

"வேற எங்க அறுக்கறது? கோட்டுக்கு அகலமே கிடையாது."

"கோட்டுக்கு இல்ல, சரி. பிளேடுக்கு இருக்கே. நான் துணியைக் கோட்டுக்கு வெளிய இடம் விட்டுல்ல வெட்டுவேன்."

கோட்டுக்கு அகலமில்லை என்பது இருபது வருடமாக அவர் வகுப்பில் சொன்ன பாடம். வாத்தியாருக்குச் சுருக்கென்றது, அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிளேடு இந்த ஓரத்தில் அரை மில்லிமீட்டர், அந்த ஓரத்தில் அரை என்று தின்றுகொண்டே வந்திருக்கிறது.

5

ஒன்பதாவதைக் கோட்டுக்கு வெளியே அறுத்து, மிச்சத்தை அரத்தால் ராவி, துளை போட்டுத் திருகை முடுக்கினார். கச்சிதம். சக்கரம் ஆடவில்லை.

முடிவு ஒன்று: பாதித் தெருவில் தகடு முறிகிறது. (பாவம், வேண்டாம்.)

முடிவு இரண்டு: அந்தி வெயிலில் இருவரும் சிரித்தபடி... (ச்சே.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். வழக்கம்போலப் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். எதிரே வாசல் சரிவு, தெரு, தெருக்கோடியில் அவள் கடை. அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"கையை எடுங்க. நானே போறேன்."

இதை எழுதி மூன்று நாளாகிறது. அவர் கை இன்னும் கைப்பிடியில்தான் இருக்கிறது. நான் எழுதி எடுத்துவிடலாம், ஒரு வரிதான். ஆனால் அது அவர் எடுத்ததாகாது. பக்கத்து வீட்டில் சத்தம் நின்றுபோயிற்று. எனக்கோ மதியத்தில் தூக்கமே பிடிக்கவில்லை.

நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.