வாயைத் துடைச்சுக்கோ

வடைதான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. நேற்று சாயங்காலம் நான் பிய்த்துக் கொடுத்த முள்ளுமுருங்கை வடைதான் இதன் தலைக்குள் போய் என்னவோ செய்துவிட்டது.

வடை எப்படித் தலைக்குப் போகும் என்று வசுந்தரா யோசிக்கவில்லை. குற்றம் செய்தவளுக்கு வழி தெரிய வேண்டியதில்லை. தல்லாகுளம் கால்நடை மருத்துவமனையின் பெஞ்சில், துண்டில் சுற்றிய நாயை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பாதி பொமரேனியன், பாதி தெரு, ஒன்பது வயது. காலையில் எழுந்ததிலிருந்து அதன் தலை இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் யோசிப்பதைப் போல. கீழே விட்டால் இடப்பக்கமாகவே வட்டம் போட்டது. சமையலறை வாசலில் பொத்தென்று விழுந்தது. இரண்டு முறை வாந்தி. கண்மணிகள் மட்டும், ஓடும் பஸ்ஸிலிருந்து விளக்குக் கம்பங்களை எண்ணுவதைப் போல, பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன.

பக்கத்தில் அவள் கணவர் சௌரிராஜன், நாயின் தடுப்பூசி அட்டையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்தக் காகிதத்தையும் அப்படித்தான் பிடிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே, வீட்டில் எண்ணெய்ப் பலகாரம் கிடையாது என்று உத்தரவு போட்டுவிட்டார். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம் என்றார். அதில் ஒரு அன்பு இருந்தது என்பதை வசுந்தரா மறுக்கவில்லை. ஆனால் தினமும் ஐந்தரை மணிக்குப் பழங்காநத்தத்தில் அவர்கள் தெருமுனைக்கு வடை வண்டி வந்தது.

அவள் இரண்டு வடை வாங்குவாள். சேலைக்கு ஃபால்ஸ் தைப்பதை நிறுத்திவிட்டு, நின்றபடியே தின்பாள். விரல் நுனியளவு நாய்க்கு. ஆறரைக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நாயிடம் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் சொல்வாள்: “துரை வந்தாச்சு. வாயைத் துடைச்சுக்கோ.” அது நாக்கை வாயைச் சுற்றி ஒரு முறை ஓட்டிவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். விரதம் இருந்த முகம்.

மகள் பிருந்தா பள்ளியில் சேர்ந்தபோது, அவளுக்கு வசதியாக வீட்டில் அந்தப் பாஷையை விட்டுத் தமிழுக்கு மாறினார்கள். பிருந்தா பெங்களூருக்குப் போய் ஆறு வருஷமாயிற்று. குழந்தைக்குக் கட்டிய தூளியை அவிழ்க்க மறந்ததைப் போலத் தமிழ் அப்படியே நின்றுவிட்டது. வெளியிலோ, சின்ன வயதில் பள்ளி வாசலில் அம்மா அந்தப் பாஷையில் கூப்பிட்டதும் மற்ற பெண்கள் சிரித்த நாளிலிருந்து, வசுந்தரா அதில் வாய் திறந்ததில்லை. மிச்சம் நாய்தான். பகல் முழுக்க அதனிடம் பேசினாள்: வெயிலைப் பற்றி, நாத்தனாரைப் பற்றி, தன்னைப் பற்றியும்.

“வாங்கம்மா, மேசை மேல விடுங்க” என்றாள் டாக்டர் ஜெனிஷா. பிருந்தா வயதுதான் இருக்கும். “ஏஞ்சல்! ஏஞ்சல் குட்டி! இங்க பாரு!”

நாய் பார்க்கவில்லை. ஏஞ்சல் என்பது பிருந்தா வைத்த பெயர். அவள் போன பிறகு அட்டையில் மட்டும் இருந்தது.

“சிட்! உக்காரு! வா, வா!” ஒன்றும் நடக்கவில்லை. “சார், நீங்க கூப்பிடுங்க.”

சௌரிராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏஞ்சல்” என்றார், ஃபைலைக் கொண்டுவரச் சொல்லும் குரலில். “நான் சொன்னா எப்பவுமே கேக்காது டாக்டர்.”

“வீட்டுல அண்ணே பேச்சு எடுபடாதுங்கிறது நாய்க்கும் தெரிஞ்சுபோச்சு” என்றார், நாயைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர் முத்துப்பாண்டி.

ஜெனிஷா சிரிக்கவில்லை. நாயின் முன்பாதத்தை மடக்கி, புறங்கால் மேசையில் படும்படி வைத்தாள். அது உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றிக்கொண்டது. “இது நல்லது. ஆனா கூப்பிட்டா புரியலையே, அதான் யோசனையா இருக்கு. உள்காதுல கோளாறுன்னாலும் தலை இப்படித்தான் சாயும், மூளையிலன்னாலும் இப்படித்தான். காதுன்னா மருந்துலயே சரியாயிரும். புத்தி மந்தமாயிருந்தா மூளையச் சந்தேகப்படணும்மா. மெட்ராஸ் கூட்டிட்டுப் போயி, மயக்கம் குடுத்து ஸ்கேன் எடுக்கணும். ஒம்பது வயசு வேற.” அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. “வேற எதுவும் சாப்பிட்டுச்சா?”

“பால்சாதம்” என்றாள் வசுந்தரா. சௌரிராஜன் சாட்சிக் கையெழுத்துப் போடுவதைப் போலத் தலையசைத்தார்.

இந்த நாய் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன் என்ற எண்ணம் வந்தது. நாயைப் பற்றி நினைக்காமல் தன்னைப் பற்றி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வெளியே ஆடு ஒன்று கத்தியது. முத்துப்பாண்டி எட்டிப் பார்த்தார். “அண்ணே, உங்க ஸ்கூட்டரக் கொஞ்சம் நகத்துங்க. திருமங்கலத்து ஆட்டுக்கார அண்ணே வண்டி வெளிய போகணுமாம்.”

சௌரிராஜன் போனார். கதவு சாத்தியதும் வசுந்தரா மேசைமேல் குனிந்தாள்.

“டாக்டர், வடை குடுத்தேன். தினமும் குடுப்பேன். அவருக்குத் தெரியாது.”

“எம்புட்டு?”

“இம்புட்டு” என்று சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள்.

“அம்புட்டுக்கெல்லாம் தலை சாயாதும்மா. அப்படின்னா மதுரையில ஒருத்தர் கழுத்தும் நேரா நிக்காது.”

வசுந்தராவுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு இன்னொன்றும் வெளியே வந்துவிட்டது.

“டாக்டர், அதுக்குத் தமிழ் தெரியாது.”

ஜெனிஷா பேனாவைக் கீழே வைத்தாள்.

“நான் எங்க பாஷையிலதான் அதுகூடப் பேசுவேன். அந்தப் பேரச் சொல்லியும் கூப்பிட மாட்டேன்.”

“அத மொதல்லயே சொல்ல வேணாமா? பேசுங்க, பேசுங்க!”

எதைப் பேசுவது? இத்தனை வருஷமாக அதனிடம் சொன்னவற்றில் அந்நியர் முன்னால் சொல்லக்கூடிய ஒன்றைத் தேடினாள். ஒன்றும் தேறவில்லை. எல்லாம் உள்ளாடை போலக் கொடியின் உட்பக்கம் உலர்த்தவேண்டியவை. தவறாமல் பலித்தது ஒரே வாக்கியம்தான். பள்ளி வாசல் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. இவர்களும் சிரிப்பார்களோ? சிரிக்கட்டும். நாயின் காதருகே போய் அந்தப் பாஷையில் சொன்னாள்.

துரை வந்தாச்சு. வாயைத் துடைச்சுக்கோ.

முதலில் காது அசைந்தது. பிறகு நாக்கு மெல்ல வெளியே வந்து, வாயைச் சுற்றி ஒரு முறை ஓடியது. நாய் தள்ளாடியபடி கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது, இடப்பக்கம் சரிந்தது, எழுந்தது, மறுபடியும் உட்கார்ந்தது. சாய்ந்த தலையிலும் அதே விரத முகம்.

முத்துப்பாண்டிதான் முதலில் சிரித்தார். “ஆத்தாடி! என்னமா கேக்குது!”

“இதுக்கா மூளை மந்தம்?” என்றாள் ஜெனிஷா. “நம்ம மூணு பேர விடத் தெளிவா இருக்கு.” விளக்கு வைத்த குழலை இடது காதுக்குள் விட்டுப் பார்த்தாள். “அய்யய்யோ, உள்ள ஒரே செவப்பு. அழுக்கு அடைச்சுக் கெடக்கு. பத்து நாளா காதச் சொறிஞ்சுச்சா?”

“சொறிஞ்சுச்சு” என்றாள் வசுந்தரா. சும்மா சொறிகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

சௌரிராஜன் திரும்பி வந்தபோது சட்டையில் ஆட்டு முடி ஒட்டியிருந்தது. டாக்டர் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: காதில் சீழ், மூன்று வாரம் மாத்திரை, தலை கொஞ்சம் சாய்ந்தே நின்றாலும் பயமில்லை, மெட்ராஸ் இப்போது வேண்டாம். “மேடம் உங்க பாஷையில ஒண்ணு சொன்னாங்க சார், டக்குனு புரிஞ்சுக்கிச்சு. அதுலதான் கண்டுபிடிச்சோம். அப்புறம், எண்ணெய்ப் பலகாரம் மட்டும் குடுக்காதீங்க.”

“எங்க வீட்டுல எண்ணெய்ச் சட்டியே அடுப்புல ஏறாது டாக்டர்” என்றார் சௌரிராஜன், பெருமையாக. ஜெனிஷா சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

வேப்பமர நிழலில் ஸ்கூட்டர் நின்றது. வசுந்தரா நாயோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சௌரிராஜன் சாவியைப் போட்டார். ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை.

“என்ன சொன்னே அதுகிட்ட?” என்று கேட்டார்.

தமிழில் கேட்கவில்லை. தங்கள் பாஷையில் கேட்டார். பல வருஷம் பெட்டியிலிருந்த வேட்டி போல அவர் குரலில் அது மடிப்பு மடிப்பாக இருந்தது. கல்யாணமான புதிதில், மாடியில், அவர் இதே பாஷையில்தான் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த மனிதர் இன்னும் உள்ளே இருக்கிறாரா? வசுந்தராவுக்குப் பதில் சொல்ல ஆசையாக இருந்தது.

“சொல்லேன்” என்றார், திரும்பாமலே.

துண்டின் நுனியை இழுத்து நாயின் காதை மூடினாள்.

“சொல்ல மாட்டேன்” என்றாள், அதே பாஷையில்.