ஃபிளெக்ஸில் முதல் ரேங்க்

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுதுவதற்காகக் கோச்சிங் சென்டர் தேடிப் போனேன். அந்தத் தெருவில் எல்லா சென்டர் வாசலிலும் என் படம் இருந்தது. மாநிலத்தில் முதல் ரேங்க் என்று போட்டிருந்தார்கள். தேர்வுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

போட்டோ நன்றாகவே வந்திருந்தது. ஆனாலும் எனக்குச் சந்தேகம். போன முறை நான் தேறவில்லை. லாஜிக் பகுதி கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. இந்த முறையும் தேறாவிட்டால் அத்தானின் டைல்ஸ் கடையில் பில் போட வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். எனவே சென்டரை முறையாகத் தேர்ந்தெடுக்க நினைத்தேன். பகலில் கூரியர் ஆபீஸ் வேலை என்பதால் மாலை வகுப்பு வேண்டும். மின்விசிறி சுற்ற வேண்டும்.

முதல் சென்டரில் வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றாள்.

"ஐயோ, ரேங்க் அக்கா! உள்ள வாங்க."

"ஈவினிங் பேட்ச்ல சேரணும்."

"நீங்கதான் படிச்சு முடிச்சிட்டீங்களேக்கா."

"நான் இன்னும் சேரவே இல்லைங்க."

"ஜெயிச்சவங்க எல்லாரும் இப்படித்தான் அடக்கமாப் பேசுறாங்க."

என்னை வகுப்புக்கு அழைத்துப்போய் மைக்கைக் கையில் கொடுத்தாள். பிள்ளைகள் பேனாவைத் திறந்தார்கள். நேரத்துக்குத் தூங்குங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஒருவன் அழுதான்.

எதிர் சென்டரின் நிர்வாகி படியிலேயே காத்திருந்தார். அவருடைய ஃபிளெக்ஸில் நான் கண்ணாடி போட்டிருந்தேன்.

"பாத்தியாம்மா, கண்ணாடி. எங்ககிட்ட ராப்பகலாப் படிச்சு வந்தது. அவங்க போட்டோவுல இருக்கா?"

"எனக்குக் கண்ணாடியே கிடையாது சார்."

"நன்றி மறக்கக் கூடாதும்மா."

அவர் கண் கலங்கியது. தன் கண்ணாடியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். தெரு இன்னும் ஒரு கிலோமீட்டர் நீண்டது. புதிய பகுதியிலும் நான்தான் முதல்.

அப்பா போனில் கூப்பிட்டார்.

"பேனர் பாத்தேன்டா கண்ணு. கடைக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லி அத்தான்கிட்ட சொல்லிட்டேன்."

"அப்பா, நான் இன்னும் பரீட்சையே எழுதலை."

"எழுதேன். யாரு வேணாம்னா?"

"ஃபெயிலானா?"

"ஃபிளெக்ஸே வச்சாச்சு. இனிமே எப்படிடா ஃபெயிலாவே?"

பின்னால் அம்மா யாருக்கோ கேசரி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தெருக்கோடியில் ஒரு டயர் கடை. அதன் மொட்டைமாடியில் ஒரு சென்டர் நடந்தது. அங்கே மட்டும் என் படம் இல்லை. ஃப்ளோரா மிஸ் என்பவர் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"சேரலாமா மிஸ்?"

"முதல் ரேங்க்கை எல்லாம் சேக்குறதில்ல. பசங்க பயந்துக்குவாங்க."

"அது நான் வாங்கலை மிஸ்."

"அப்பப் போய்க் கழட்டி எடுத்துட்டு வா. இங்க தரையில விரிக்க ஒண்ணும் இல்ல."

கீழே போய், இருப்பதிலேயே பெரிய ஃபிளெக்ஸின் கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு சென்டர்காரர்களும் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவருடையதைத்தான் கழற்றுகிறேன் என்று இருவருமே நினைத்தார்கள்.

"நல்லா இழும்மா," என்று உற்சாகப்படுத்தினார்கள்.

அது விழுந்ததும் தெருவில் மற்றவையும் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. என் முகத்தை நாலாக மடித்துத் தலையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். பாதிப் படியில் போன் அடித்தது. அப்பா. எடுக்கவில்லை. என் மூக்கு வேறு நழுவிக்கொண்டிருந்தது.

ஃபிளெக்ஸை விரித்தோம். எல்லோரும் என் மேல் உட்கார்ந்தார்கள். எனக்கு இடது கன்னத்தில் இடம் கிடைத்தது.

"வக்கீல் எல்லாரும் காபி குடிப்பாங்க," என்றார் மிஸ். "சாவித்திரி காபி குடிக்கிறா. அப்ப சாவித்திரி வக்கீலா?"

"ஆமா மிஸ்," என்றேன்.

"தப்பு."

யாரும் கைதட்டவில்லை. நெற்றியில் உட்கார்ந்திருந்த பையன் சிரித்தான்.

"நீ என்னடா சிரிக்கிற? நீயும் அதேதான் எழுதி வச்சிருக்க."

"ஏன் மிஸ் தப்பு?" என்று கேட்டேன்.

மிஸ் சாக்பீஸைத் தேடி எடுத்தார்.