வீதிக்கு மேற்கே தெறித்த வீடு

சுனாமி வந்த ஞாயிறு காலை, கணித ஆசிரியர் அப்துல் ஸமட்டின் கடல்பக்க வீடு கடற்கரை வீதியைத் தாண்டி மேற்கே தெறித்து நின்றது. ஓர் ஓடுகூட உடையவில்லை. கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாகியிருந்தது, அவ்வளவுதான். சுவர்க் கடிகாரம் எதிர்த்திசையில் ஓடிச் சரியான நேரம் காட்டியது. நிவாரணப் படிவத்தில் ‘முழுச் சேதம்’, ‘பகுதிச் சேதம்’ என்று இரண்டு கட்டங்களே இருந்தபடியால் அதிகாரி இரண்டையும் வெட்டிவிட்டுத் தேநீர் குடித்தார். வீதியில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற மனைவி ஹபீபாவின் உடலை ஸமட் வீதியிலேயே கண்டெடுத்தார். தெறிப்பில், அதாவது கண்ணாடிப் பிம்பக் கணக்கில், அச்சுக்கோட்டிலுள்ள புள்ளி அசையாது என்று இருபது வருடம் படிப்பித்தவர், அந்தப் பாடத்தை மட்டும் வேறோர் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார்.

வீடு வந்து நின்றது கச்சிமுகம்மதுவின் தென்னை வளவில். அவருடைய மகனுக்குத்தான் ஸமட்டின் மகள் பரீனாவைப் பேசியிருந்தது. பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் அந்த ஊரில் கலியாணம்; மாப்பிள்ளை அங்கே குடிவருவார்.

“என்ட வளவுக்குள்ள நிக்கிறது என்ட வீடுதான் மாஸ்டர். புள்ளைக்கி வேறொண்டக் கட்டுங்க.”

“றோட்டுதான் அச்சு, காக்கா. என்ட வீடு இங்கால வந்தா ஒங்கட வளவு அங்கால போயிருக்கும். வாங்க, அளப்பம்.”

“கடலுக்கா? நீங்க போய் மௌத்தாகுங்க.”

நாலரை வருடம் பரீனா காத்திருந்தாள். யுத்தம் முடிந்ததென்று பட்டாசு கொளுத்திய நாளில், சுனாமிக்குப் பிறகு முதன்முறையாக ஊரே துணிந்து கடற்கரைக்கு இறங்கியபோது, ஸமட் அளவுநாடாவோடு கச்சிமுகம்மதுவையும் இழுத்துப் போனார். வீதியிலிருந்து கிழக்கே, வீடு மேற்கே நின்ற அதே தொண்ணூறு மீற்றரில் பதின்மூன்று தென்னைகள், கடல் கொண்டுபோனதாக நினைத்திருந்த வேலி, அதற்குள் ஓர் ஆடு. நாடாவைக் கச்சிமுகம்மது நம்பவில்லை. ஆட்டின் காதைப் பிடித்துப் பார்த்தார்.

“இதுக்கு வலக்காதுதானே கிழிஞ்சிருந்த? இப்ப எடக்காது!” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, நிக்காஹ் நாளப் பாருங்க” என்றார்.

பத்திரம் எழுதும் நொத்தாரிசு, காணி உறுதியில் கிழக்கு வரும் இடமெல்லாம் மேற்கு என்று எழுதி, வீட்டையும் அது நின்ற வளவையும் பரீனாவின் பெயருக்கு மாற்றினார்.

நிக்காஹ் முடிந்து, வீட்டு வாசலில் மாப்பிள்ளை பிஸ்மி சொல்லி வலது காலைத் தூக்கினார்.

“அது இந்த வீட்டுக்கு எடங்கால்,” என்று உள்ளிருந்து பரீனாவின் குரல் கேட்டது. “மத்தக் கால வைங்க.”

மாப்பிள்ளை தகப்பனைப் பார்த்தார். கச்சிமுகம்மது தலையாட்டினார். மாப்பிள்ளை காலை மாற்றி வைத்து உள்ளே போனார். நிக்காஹ் ஓதிவைத்துவிட்டுப் பின்னால் வந்த லெப்பையும் அப்படியே போனார்.