உட்காருங்க, கூப்பிடுவாங்க

எங்கள் கல்லூரிச் செய்தித்தாளில் மாதம் ஒரு முறை நான் ஒரு பத்தி எழுதிவந்தேன். தலைப்பு ‘பொறுத்தார் ஆடுவார்’. துப்பாக்கி இல்லாத, பந்தயம் இல்லாத, யாரையும் ஜெயிக்க வேண்டாத சின்னச் சின்ன வீடியோ கேம்களைத் தேடிப் பிடித்து, ஆடிப் பாருங்கள் என்று சிபாரிசு செய்யும் பத்தி. ஒரு கேமில் நீங்கள் தெருவிளக்கு. சாயங்காலம் எரிய வேண்டும், காலையில் அணைய வேண்டும், நடுவில் உங்களுக்குக் கீழே யார் யார் வந்து நின்று அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்றில் நீங்கள் யாரோ பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன குடை. மூன்றாவதில் நத்தை. சாலையைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். ‘இந்த நத்தை எனக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது’ என்று எழுதினேன். நத்தையோடு நான் இருந்தது ஆறு நிமிடம். அது நடைபாதையை விட்டு இறங்குவதற்குள் எனக்குப் பசி வந்துவிட்டது.

இதை மோசடி என்று நான் நினைக்கவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெரியவர்களே சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் அந்த ஒரு சோற்றைத் தின்றுவிட்டுப் பானையைப் பற்றி முழுப் பக்கம் எழுதுவேன். கல்லூரியில் என்னை எல்லோரும் எடிட்டர் என்று கூப்பிட்டார்கள். கேலிதான். ஆனாலும் திரும்பிப் பார்ப்பேன்.

என் அறைத்தோழனை ஆமை என்று கூப்பிட்டார்கள். அது கேலிகூட இல்லை, வர்ணனை. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் அடுத்ததில் கால் வைப்பான். அவன் ஒன்றரை வருடமாக ஒரே ஒரு கேம் செய்துகொண்டிருந்தான். பெயர் ‘உட்காருங்க, கூப்பிடுவாங்க’.

ஆஸ்பத்திரியில் ஒரு காத்திருப்பு அறை. நீங்கள் மகன். பக்கத்து நாற்காலியில் அம்மா. கையில் டோக்கன், எண் அறுபத்தெட்டு. மொத்தம் நாற்பது நிமிடம், கடிகாரத்தின் நிஜமான நாற்பது நிமிடம். அம்மாவுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரலாம். மின்விசிறிக்கு நேராக இடம் மாறி உட்காரலாம். கை கழுவும் முறை என்று சுவரில் ஒட்டியிருக்கும் ஏழு படத்தையும் பார்க்கலாம். கவுண்டருக்குப் போய் எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்கலாம். அங்கே இருக்கும் பெண் தலையை நிமிர்த்தாமல் கேமின் பெயரைச் சொல்லுவாள். நாற்பதாவது நிமிடத்தில் எண் கூப்பிடப்படும். அம்மா எழுந்து உள்ளே போவாள். கதவு மூடும். அத்தோடு சரி.

முப்பத்தொன்றாவது நிமிடத்தில் மட்டும் ஒன்று நடக்கும். அம்மா உங்கள் பக்கம் திரும்பி ஒரே ஒரு வாக்கியம் பேசுவாள். அது நிஜக் குரல்.

ஆமை தன் அம்மாவை இரண்டு வருடம் வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன். கேமுக்கு அந்த அறையின் சத்தம் வேண்டும் என்று ஒரு நாள் போனில் பதிவை ஓடவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாற்காலிக் கிரீச்சு, இருமல், செருப்புத் தேய்ப்பு, எண் கூப்பிடும் குரல். நடுவில் அம்மா திரும்பி ஏதோ சொல்லியிருக்கிறாள். அடுத்த நான்காவது மாதம் அவள் இல்லை. அவள் குரல் என்று உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம்.

“போனைக் குடுடா, நான் கேக்கறேன்,” என்று ஒருமுறை கேட்டேன்.

“மாட்டேன். கேம்ல உட்கார்ந்து கேளு.”

“முப்பத்தோரு நிமிஷமா? ஒரு பட்டன் அமுக்கினா முடிஞ்சுதுடா.”

“அப்புறம் எதுக்குடா கேமு? அவங்க பேசினப்ப பக்கத்துல உட்கார்ந்திருந்தது நான் ஒருத்தன்தான். இன்னொருத்தர் உட்காரணும். சும்மா, ஒண்ணும் பண்ணாம, பக்கத்துல. அதுக்குத்தான் இவ்ளோ பாடு.”

அந்த இன்னொருத்தனாக முதலில் நியமிக்கப்பட்டவன் நான்.

அதற்கு எனக்கு முன் அனுபவம் உண்டு என்று அவன் நினைத்திருக்கலாம். ஒருமுறை அவனோடும் அவன் அம்மாவோடும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். பத்து நிமிடம் உட்கார்ந்தேன். காபி மெஷின் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். காபி மெஷின் கிடைக்கவில்லை. வாசல் கிடைத்தது.

ஆமை எனக்கு ஒரு சோதனைத்தாள் கொடுத்தான். நாற்பத்திரண்டு வரிகள். என் லேப்டாப்பில் கேமை முழுக்க ஆடி, வரிக்கு வரி டிக் போட வேண்டும். கடைசிக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்க வசதியாக ஒரு குறுக்குவழியும் வைத்திருந்தான். கீபோர்டில் எஃப் ஒன்பதை அமுக்கினால் கேம் நேராக நாற்பதாவது நிமிடத்துக்குத் தாவிவிடும்.

“இது கதவுக் காட்சிக்கு மட்டும். மொத்தத்தையும் ஒரு தடவையாவது உட்கார்ந்து பாத்துடு,” என்றான்.

“சரிடா ஆமை. சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லாத.”

பாட்டிலைத் திறந்தேன், டிக். இடம் மாறினேன், டிக். ஏழு படம், டிக். எஃப் ஒன்பது. கதவு மூடியது, டிக். மொத்தம் நான்கு நிமிடம். இருபத்தொன்பதாவது வரியில் ‘31-ஆம் நிமிடம், அம்மா பேசுகிறாள். குரல் தெளிவாக இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தான். ‘தெளிவு’ என்று எழுதினேன். பக்கத்திலேயே ஒரு டிக்கும் போட்டேன். மற்ற டிக்குகளைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

தாளை வாங்கி மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்தான். இருபத்தொன்பதில் விரலை வைத்தான்.

“கேட்டியா?”

“கேட்டேன்டா.”

“எப்படி இருந்துச்சு?”

“உருக்கமா இருந்துச்சு.”

உருக்கம் என்பது விமர்சகனின் எஃப் ஒன்பது. அதை அமுக்கினால் எந்த இடத்திலிருந்தும் கடைசிப் பத்திக்குத் தாவிவிடலாம். ஆமை தாளை மடித்து வைத்தான். எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தான். ஒன்றரை வருடத்தில் அவன் போட்டுக் கொடுத்த முதல் காபி. சர்க்கரை சரியாக இருந்தது. குடித்தேன்.

அந்த மாதப் பத்தியை அவன் கேமுக்கே ஒதுக்கினேன். ‘நாற்பது நிமிடம் என்னை நாற்காலியில் கட்டிப்போட்ட கேம்’ என்று தொடங்கினேன். கட்டியவன் அவிழ்க்க மறந்துவிட்டான் என்று முடித்தேன். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

பிறகு கல்லூரி நூலகக் கூடத்தில் மாணவர் கேம்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். கம்ப்யூட்டர் லேபிலிருந்து எடுத்துவந்த மெஷின்களில்தான் ஆட வேண்டும், சொந்த லேப்டாப் கூடாது என்பது விதி. ஆமை பென்டிரைவில் கொண்டுபோய் நகலெடுத்துக் கொடுத்தான். எஃப் ஒன்பதை எடுத்துவிட்டிருந்தான்.

நடுவராக வந்தவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. பல வருடமாகத் தனியாளாகக் கேம் செய்கிறவர். கையில் என் பத்தி.

“நீங்கதான் எழுதினதா? இதைப் படிச்சிட்டுத்தான் இந்தக் கேமுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கி வெச்சேன். மத்ததுக்கெல்லாம் பத்துப் பத்து நிமிஷம்.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நிஜமாகவே உட்கார்ந்தார். பாட்டிலைத் திறந்து தந்தார். இடம் மாறினார். இருபது நிமிடத்துக்குப் பிறகு ஒன்றுமே செய்யாமல் திரையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இப்படியும் ஒரு மனுஷி உண்டா என்று நான் கொஞ்சம் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் உதடு நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்று. அம்மா திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

சுவர்க் கடிகாரமும் நின்றது. மின்விசிறியும் நின்றது. மவுஸ் அம்பு மட்டும் சின்ன வட்டமாகிச் சுற்றிக்கொண்டிருந்தது.

நடந்தது என்னவென்று ஆமைக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் குரல் கேமுக்குள் இல்லை. ஆமையின் லேப்டாப்பில், ‘அம்மா’ என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் இருந்தது. முப்பத்தொன்றாவது நிமிடத்தில் கேம் அந்த ஃபோல்டரைத் தேடிப் போகும். அவன் மெஷினில் எப்போது தேடினாலும் கிடைத்தது. வேறு எந்த மெஷினிலும் கிடைக்காது, கேம் உறைந்துவிடும். இந்தத் தப்பைச் செய்யாத புரோகிராமர் இன்னும் பிறக்கவில்லை. அதனால்தான் வேறொரு மெஷினில், வேறொருவன் உட்கார்ந்து முழுக்க ஆடிப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. வேறொரு மெஷின் என்னுடையது. வேறொருவன் நான்.

ஆமை தன் வாழ்நாளில் முதல்முறையாக வேகமாக நடந்தான்.

“மேடம், அது வந்து...”

நடுவர் திரும்பாமலே கையை உயர்த்தினார். “ஷ்ஷ்.”

மேலும் பதினைந்து நிமிடம் அவர் அந்த உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவன் இன்னொருவனிடம் “புரியுதா?” என்று கேட்டான். “உனக்கு?” என்றான் அவன். இருவரும் புரிந்ததுபோலத் தலையாட்டினார்கள்.

நடுவர் ஹெட்போனைக் கழற்றியபோது கண் நனைந்திருந்தது.

“எவ்ளோ தைரியம்ப்பா உனக்கு! ஏதோ சொல்ல வர்றாங்க, நேரமே நின்னுடுது. என்ன சொல்ல வந்தாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல பாரு... எங்கம்மாவும் அப்படித்தான் போனாங்க.”

“மேடம், அந்த இடத்துல ஒரு குரல்...”

“குரலா? வேண்டவே வேண்டாம்! யாராச்சும் சொன்னாங்கன்னு குரல் கிரல் வெச்சுக் கெடுத்துடாத. கையெடுத்துக் கும்பிடறேன்.”

சாயங்காலம் முதல் பரிசு அவனுக்குத்தான். மேடையில் நடுவர் ‘அந்த மௌனம்’ என்று ஐந்து முறை சொன்னார். ஆமை கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அழுதுகொண்டிருந்த நடுவரைப் பார்த்தான். கூட்டத்தில் என்னைத் தேடினான். கண்டுபிடித்தான். நான் கைதட்டினேன். எனக்கு வேறென்ன தெரியும்? அவன் மைக்கில் “நன்றி” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான்.

நூலகத்தின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். மடியில் கேடயம். நான் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தேன்.

“கலக்கிட்டடா,” என்றேன்.

“நீ கேட்டேன்னு சொன்னியே.”

“என்னது?”

“அம்மா பேசினத. உன் லேப்டாப்ல கேட்டேன்னு சொன்னியே. என்ன சொன்னாங்க?”

உண்மையைச் சொல்ல அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. ஆனால் நான் எழுத்தாளன். யோசித்தேன். அம்மா, மகன், காத்திருப்பு அறை, நேரமாகிவிட்டது. நிகழ்தகவு எல்லாம் போட்டுப் பார்த்தேன்.

“சாப்பிட்டியாப்பான்னு கேட்டாங்க,” என்றேன்.

ஆமை என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். கவுண்டர் பெண் டோக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“எல்லா அம்மாவும் அதத்தான் கேப்பாங்கன்னு நெனச்சிட்ட, இல்ல?”

“டேய், நான்...”

“எத்தன நிமிஷம் உட்கார்ந்த?”

“...நாலு.”

“ஆஸ்பத்திரில பத்து,” என்றான். “கொறஞ்சிட்டே வருதுடா உனக்கு.”

கேடயத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினான், ஒவ்வொரு படியாக.

ஒரே வாரத்தில் கேமை நெட்டில் ஏற்றிவிட்டான். உறைந்துபோகும் அதே பதிப்பை. ஆயிரக்கணக்கான பேர் இறக்கினார்கள். அந்த மௌனத்தைப் பற்றி முன்பின் தெரியாதவர்களெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினார்கள். சிலர் என் பத்தியிலிருந்து வரிகளை எடுத்துப் போட்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

“சரி பண்ணிடுடா. அந்தக் குரலை உள்ள போட்டுட்டா அஞ்சு நிமிஷ வேலை.”

“எதுக்கு? அவங்களுக்கெல்லாம் இதுதான் பிடிச்சிருக்கு.”

“உனக்கு?”

“எனக்கென்ன, என் மெஷின்ல ஓடுது,” என்றான். ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

நான் என் கட்டில் ஓரத்தில், அவன் திரை தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். அவன் தடுக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பாட்டிலைத் திறந்து தந்தான். இடம் மாறினான். பத்தாவது நிமிடத்தில் எனக்கு எழுந்திருக்க வேண்டும்போல இருந்தது. இருபதில் கால் மரத்துப்போனது. எழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த ஏழு படத்தையும் அவன் தோளுக்கு மேலாக முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். நாலாவது படத்தில் கட்டைவிரலைத் தனியாகத் தேய்க்க வேண்டுமாம்.

முப்பத்தொன்று. அம்மா திரும்பினாள். வாய் திறந்தது. இந்த முறை அசைந்தது. சின்ன வாக்கியம்தான், நாலைந்து சொல் இருக்கும். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தமாதிரிகூட இருந்தது.

“ஆமை,” என்றேன்.

அவன் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தான்.