ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர்

ஹாஜி மித்வல்லியின் தேநீருக்குள் மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வேறு யாருடைய தேநீரில் விழுந்திருந்தாலும் பாதகமில்லை. ஹாஜி அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர். ஐந்தாம் மாடியில் உஸ்தா லுத்ஃபியின் வீட்டில் உட்கார்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கோப்பையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு ரொட்டி அகலத்துக்கு ஈரக்கறை படர்ந்திருந்தது.

"இதுக்கு மேல என்னய்யா இருக்கு?"

"மேல வானம்தான் ஹாஜி," என்றார் லுத்ஃபி.

"வானத்துக்கும் உனக்கும் நடுவுல?"

நடுவில் இன்சாஃபின் பெட்டிகள் இருந்தன.

மொட்டைமாடியில் இரண்டு அறை கட்டி விட்டிருந்தார்கள். அதில்தான் இன்சாஃப் குடியிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, புருஷன் தவறி ஆறு வருஷம், மகன் ஷாதி குவைத்தில். அவன் பேரை வைத்து அவளை உம்மு ஷாதி, ஷாதியின் அம்மா, என்றும் கூப்பிடுவார்கள். கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் அவள் இருபது வருஷம் நூல் சுற்றிய ஆலையை ஒரு நாள் காலையில் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தாள். இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலை வாருவதையே விட்டுவிட்டிருந்தாள்.

பிறகு மீன் சந்தையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. கைபேசியில் யாரோ செய்து காட்டியதைப் பார்த்து, அடியில் தயிர் டப்பாக்களைக் கவிழ்த்து, மேலே ஒரு தட்டு வைத்து, துணித் திரி விட்டு, மூலையில் ஒரு குழாயைச் செருகி, மண்ணை நிரப்பினாள். குழாயில் தண்ணீர் விட்டால் அது அடியில் தங்கும். மண் தனக்கு வேண்டியதைத் திரி வழியே உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சினால் பக்கத்துத் துளை வழியே வெளியேறும். ஐந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும், கெய்ரோ வெயிலிலும் செடி வாடாது. இப்படி ஒன்று, மூன்றாகி, பதினாலாகிவிட்டது. லெட்டூஸ், ஜர்ஜீர் கீரை, வெங்காயத்தாள், ஒரு பெட்டி முழுக்கப் புதினா. படியேறி வந்தவர்களை எல்லாம் நிறுத்திவைத்து, "அஞ்சு நாளைக்கு ஒருக்கா! ஒட்டகமே தோத்துரும்!" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். தலை வாரத் தொடங்கியிருந்தாள்.

திங்கட்கிழமை ஷம்முன் நசீம். வசந்தத்தின் அந்த நாளில் கெய்ரோவே வெளியே வந்து உட்கார்ந்து, மூக்கைத் துளைக்கும் உப்பு மீனை வெங்காயத்தாளோடும் லெட்டூஸோடும் தின்னும். இந்த வருஷம் கட்டடத்துக்கே தன் பெட்டியிலிருந்துதான் கீரை என்று இன்சாஃப் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அந்தச் சொட்டு விழுந்து தொலைத்தது.

கறையை அவள் அன்றாடம் கீழே போய்ப் பார்த்தாள். லுத்ஃபி ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர் (உஸ்தா என்பது அந்த ஊரில் ஓட்டுநருக்கு வழங்கும் மரியாதைப் பேர்), மனைவியை இழந்தவர். ஒற்றை ஆம்பிளை வீட்டுக்குள் ஒற்றைப் பெண் போனால் படிக்கட்டுக்குக் கண் முளைத்துவிடும். அதனால் அவர் தன் செருப்பைக் கதவிடுக்கில் செருகி, கதவை அகலத் திறந்துவைப்பார். அவள் அண்ணாந்து கறையைப் பார்ப்பாள். அவர் தேநீர் போடுவார்.

"பெருசாயிருக்கா உஸ்தா?"

"அப்படியேதான் இருக்கு. சர்க்கரை ரெண்டா, மூணா?"

கறை என்னவோ பெரிதாகிக்கொண்டுதான் இருந்தது.

வியாழக்கிழமை ஹாஜி மேலே வந்தார். பதினாலு பெட்டியையும் ஜவுளிக்கடைத் துணியைப் போலத் தடவித் தடவிப் பார்த்தார்.

"என் பெட்டி ஒழுகாது ஹாஜி," என்றாள் இன்சாஃப். "எந்தப் பழங்குழாய் உடைஞ்சிருக்கோ!"

"நீ சொன்னா நான் நம்பிரணுமா? துணிக்குப் போடுற நீலம் இருக்கா வீட்ல?"

இருந்தது. கறைக்கு நேர்மேலே இருந்த பெட்டியின் லெட்டூஸை, இன்னும் முற்றாத பிஞ்சை, அவளே பிடுங்கினாள். நீலத்தை இரண்டு வாளித் தண்ணீரில் கலக்கி, வழியும் வரை குழாயில் ஊற்றினாள்.

"நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வர்றேன்," என்றார் ஹாஜி. "கீழ நீலம் இறங்கியிருந்தா, திங்கக்கிழமைக்குள்ள இந்த மாடில ஒரு பெட்டி இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"இறங்காது," என்றாள். அவர் போன பிறகு, பிடுங்கிப் போட்ட பிஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பெட்டிகள் போனால் மறுபடியும் அந்தச் சுவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. கீழே ஓடினாள். கதவிடுக்கில் செருப்பு இருந்தது. உள்ளே மேசை மேல் நாற்காலி, நாற்காலி மேல் அறுபத்தேழு வயது லுத்ஃபி, கையில் சுண்ணாம்பு மட்டை.

"யா அல்லாஹ்! இறங்குங்க உஸ்தா! விழுந்தா எலும்பைப் பொறுக்கக்கூட ஆளில்ல!"

"பெருநாள் வருதில்ல, வெள்ளையடிக்கிறேன்."

மேசைக்கடியில் ஒரு கிண்ணம் இருந்தது. அதில் நீலத் தண்ணீர். அவர் தொப்பியிலும் ஒரு நீலச் சொட்டு.

"இது என்ன?"

"சட்டைக்கு நீலம் போட்டேன்."

இன்சாஃப் பால்கனியைப் பார்த்தாள். கொடியில் இரண்டு பழுப்பு அங்கிகளும் ஒரு காக்கிக் கால்சட்டையும் தொங்கின.

"எந்தச் சட்டைக்கு?"

லுத்ஃபி கொடியை ஒரு முறை எட்டிப் பார்த்தார். "பனியனுக்கு," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. தன் தலையில் சொட்டினாலும் பரவாயில்லை, அவள் பெட்டி இருக்கட்டும் என்று ஒரு மனிதர் நாற்காலி ஏறி நிற்கிறார். அவளுக்காக யாரும் எதன் மேலும் ஏறி வெகு காலமாகிவிட்டது.

"நீங்க வாயைத் திறக்காதீங்க உம்மு ஷாதி. ஹாஜிக்குக் கண்ணு மங்கல்," என்றார் அவர்.

மேலே போய்ப் பெட்டிகளின் நடுவில் நின்றாள். வாயை மூடிக்கொண்டால் போதும், பதினாலும் பிழைத்துவிடும். ஆனால் இந்தச் சுண்ணாம்பு எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் கூரைக்காரை பெயர்ந்து, தூங்குகிற மனிதர் முகத்தில் விழும். புதினாவை ஒரு கிள்ளு கிள்ளி முகர்ந்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

தொழுகை முடிந்து ஹாஜி வந்தார், அண்ணாந்தார், கண்ணைச் சுருக்கினார். "நீலம் இல்லையே. சரி, நான்தான் தப்பா நெனச்சிட்டேன் போல."

"நீங்க தப்பா நெனைக்கல ஹாஜி." இன்சாஃப் குனிந்து, சோபாவுக்கடியில் ஒளித்திருந்த கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். "என் பெட்டித் தண்ணிதான். அவர் கறை மேல வெள்ளையடிச்சிட்டார். பெட்டிய எடுத்துர்றேன்."

ஹாஜி கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தண்ணி அவங்களுது," என்றார் லுத்ஃபி திடீரென்று. "ஓட்டை என்னுது."

"என்ன ஓட்டை?"

"டிவிக்கு டிஷ் வெச்சேன்ல ஹாஜி, நாலு வருஷம் முன்னால, கால்பந்துக் கோப்பைப் போட்டி நடந்தப்ப. ஆளைக் கூப்பிட நேரமில்ல. நானே மேல துளை போட்டு வயரை உள்ள விட்டுட்டேன்."

"அடைச்சியா?"

"அடைச்சேன்."

"எதை வெச்சு?"

லுத்ஃபி தரையைப் பார்த்தார். "சோப்பு."

ஹாஜி அருகிலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். டீசல் டேங்க் ஒழுகினால் சோப்பை அப்பி வண்டியை ஊர் சேர்ப்பது ஓட்டுநர்கள் கைவசம் வைத்திருக்கும் வித்தை. ஆண்டுக்கு நாலு தூறல் விழுகிற ஊரில், மாடித் துளைக்கும் அதையே வைத்துவிட்டார் மனுஷன். இன்சாஃபின் பெட்டி வழிகிற வரை அது காய்ந்து கல்லாகத்தான் கிடந்திருக்கிறது.

"சோப்பா! என் கட்டடம் என்ன உன் ஓட்டை பஸ்ஸா?" ஹாஜி கத்தினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். "இன்னைக்கே சிமென்ட் வெச்சு அடைக்கிற. நீ என்னம்மா, பெட்டிக்கெல்லாம் கால் வெச்சு, அடியில தட்டு வை. சொட்டுத் தண்ணி தரையில விழக் கூடாது. திங்கக்கிழமையன்னிக்கு முதல் கட்டு வெங்காயத்தாள் எனக்கு வரணும்."

திங்கட்கிழமை மாடி கொள்ளாத கூட்டம். உப்பு மீன் நாற்றத்தில் பூனைகள் பைத்தியம் பிடித்து அலைந்தன. பெட்டிகளில் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. சாயங்காலம் எல்லோரும் இறங்கிப் போனார்கள், லுத்ஃபி மட்டும் சாப்பிட்ட தட்டுகளை ஒவ்வொன்றாக, மெதுவாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கறை காஞ்சிருச்சு," என்றார்.

"நல்லதாப் போச்சு உஸ்தா."

"ஆமா. இனிமே வந்து பாக்க வேண்டியதில்ல." அடுக்கிய தட்டுகளைப் பிரித்து மறுபடியும் அடுக்கினார். "என் பால்கனிக்கு ஒரு பெட்டி குடுப்பீங்களா? எனக்குச் செடி கொடி ஒண்ணும் தெரியாது. நீங்கதான் வந்து தண்ணி ஊத்தணும்."

"அதுல என்ன சிரமம்!" அவளுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "அஞ்சு நாளைக்கு ஒருக்கா ஊத்தினா போதும்!"

லுத்ஃபியின் முகம் விழுந்துவிட்டது.

"அஞ்சு நாளைக்கு ஒருக்காவா?" என்றார். பிறகு, அவளைப் பார்க்காமல், "தினம் தண்ணி கேக்குற பெட்டி ஒண்ணும் இல்லையா?"

இன்சாஃப் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். ஓரமாய்க் கிடந்த ஒரு காலிப் பெட்டியை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு, மூலையிலிருந்த குழாயை உருவினாள். திரியை உருவினாள். தட்டைத் தூக்கி, அடியில் கவிழ்த்திருந்த தயிர் டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள்.

"இருக்கு," என்றாள். "இதுக்குக் காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா ஊத்தணும்."