நூற்றுப் பதினான்கு நாள் தொடர்ச்சி

மதியம் ஒன்றரைக்கு, பற்றவைத்த குழாய் ஆறும்வரை, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தன் மனைவியின் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தான். மொழி கற்றுத்தரும் அந்தச் செயலியில் ஒரு நரி உண்டு. ஒருநாள் விட்டுப்போனால் அழும். அதுவரை சேர்ந்த நாட்கள் பூஜ்யமாகிவிடும். மனைவி டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். பாடத்தில் சேர்ந்த வாரமே இரட்டை ஷிஃப்ட் விழுந்தது. "இன்னிக்கு மட்டும் நீங்க போட்டுவிடுங்க, பாவம் அது அழுவுது" என்றாள். இன்றோடு நூற்றுப் பதினான்கு நாள்.

"என் சகோதரி ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள்" என்று ஃபோனிடம் அந்த மொழியில் சத்தமாகச் சொன்னான். நரி குட்டிக்கரணம் போட்டது.

"யாருடா அவ?" இன்னொரு ஃப்ரிட்ஜில் கேஸ் நிரப்பிக்கொண்டிருந்த கூட்டாளி கேட்டான்.

"வீட்டுப்பாடம்டா."

"எந்த வீடு?"

நான்கு மணிக்கு வீடியோவில் டீச்சர் வருவார். அவர் பரிந்துரைத்தால்தான் அடுத்த மாதத் தேர்வு. தேறினால்தான் அந்த மொழி பேசும் நாட்டு மருத்துவமனையில் வேலை. செயலியில் இருந்த மதிப்பெண்களைப் பார்த்து டீச்சர் அவளை நேராக மூன்றாம் நிலையில் போட்டிருந்தார்.

அயர்ன் செய்யும் மேஜையில் லேப்டாப். அதன் பின்னால், கேமராவுக்குத் தெரியாமல், மெக்கானிக் நின்றான்.

"சத்தம் வரக்கூடாது. வாயை மட்டும் அசைங்க."

"ஏம்மா, முதல் கேள்வி பேருதான். அதுகூடவா?"

பெயரைச் சொல்லிவிட்டாள். டீச்சர் அடுத்து, இன்று என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். மெக்கானிக் உதட்டை அசைத்தான். பேச முடியாத எத்தனையோ நோயாளிகளின் உதட்டைப் படித்தவள் அவள். ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.

"நான் ஒரு ஃப்ரிட்ஜைக் கழற்றினேன்."

டீச்சர் பேனாவை வைத்தார். "உங்கள் வேலையில் எது கடினம்?"

மெக்கானிக் யோசித்தான். பதற்றத்தில் உண்மைதான் வந்தது.

"துரு" என்றாள் நர்ஸ்.

டீச்சர் சிரித்துவிட்டார். அவள் கண் அடிக்கடி மேலே போவதைக் கவனித்திருந்தவர், லேப்டாப்புக்குப் பின்னால் நிற்பவரும் உட்காரட்டும் என்றார். உட்கார்ந்த மெக்கானிக்குக் கூச்சம் ஒரு நிமிடம்தான் நின்றது. அப்புறம் கம்ப்ரஸர் பற்றிப் பேசினான், கூட்டாளி பற்றிப் பேசினான், சகோதரியை ரயில் ஏற்றி அனுப்பினான். உண்மையில் அவனுக்குச் சகோதரி கிடையாது. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் டீச்சர் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் முகம் விழுந்தது.

"என்ன சொல்றாங்க?"

"நான் நல்லாப் பேசறேனாம்."

"என்னைப் பத்தி?"

"முதல் பாடத்துலேர்ந்து ஆரம்பிக்கணுமாம். அடுத்த மாசத்துக்குள்ள தேறுறது கஷ்டமாம்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்களை யாரு இவ்வளவு நல்லாப் படிக்கச் சொன்னா? நாலு தப்பாவது போட்டிருக்கலாம்ல?"

"தப்புப் போட்டா நரி..."

"நரியைக் கட்டிக்கிட்டுப் போய்க் குடும்பம் நடத்துங்க."

டீச்சர் திரையிலேயே இருந்தார். வேறொரு மொழியில் நடக்கும் சண்டையை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இதைச் சொல்லுங்க" என்றாள் நர்ஸ். "நோயாளிகிட்ட, 'கையை நீட்டுங்க, கொஞ்சம் வலிக்கும்'னு எப்படிச் சொல்றது?"

மெக்கானிக் வாயைத் திறந்தான். ரயில் வந்தது, துரு வந்தது. இது வரவில்லை.

"அந்தப் பாடம் இன்னும் வரலம்மா."

அவள் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கையைக் கேமராவின் முன் நீட்டினாள். இரண்டு விரலால் நரம்பைத் தட்டி, ஊசி குத்துவதுபோல் காட்டி, முகத்தைச் சுளித்தாள். பிறகு டீச்சரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

மெக்கானிக் உதவிக்கு ஏதோ சொல்லப் போனான். அவள் திரும்பாமலே இன்னொரு கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

டீச்சர் ஒரு கணம் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் தன் ஸ்வெட்டரின் கையை மெல்ல மேலே ஏற்றினார்.