சரி, விடு

என் தம்பி லாரி ஓட்டியவன். பக்கவாதம் வந்ததில் வலது கை விளங்காமல் போனது, நாக்கும் குழறியது. இடது கையால் சாப்பிட அவனுக்கு வரவில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு ஊட்டுவது நான்தான். எனக்கு அலுத்துவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

ஆஸ்பத்திரியில் கையில் மாட்டும் இயந்திரம் ஒன்றை இரவலாகக் கொடுத்தார்கள். கையுறை மாதிரி இருக்கும், விரலுக்கு விரல் கம்பி. அவன் லேசாக முயன்றாலே விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை விடுவதற்குத்தான் வாயால் சொல்ல வேண்டும். அவன் குழறல் அதற்குப் புரியவில்லை என்று, பயிற்சி கொடுக்கும் பெண் என் குரலைப் பதிந்துவிட்டாள். நான் "விடு" என்றால் விரல்கள் திறக்கும்.

வினையே அங்கேதான். நாளெல்லாம் என் வாயில் வருவது அந்த வார்த்தைதான். பால் பொங்கினால் விடு, கரண்ட் போனால் விடு. போனில் யாரிடமோ "சரி, விடு" என்பேன், அடுத்த அறையில் டம்ளர் விழும். தம்பி வாய் கோணச் சிரிப்பான். நான் துடைக்கத் துணி தேடுவேன். வார்த்தையை மாற்றித் தரச் சொன்னதற்கு, சோதனை முடியட்டும் என்றாள் அந்தப் பெண்.

சோதனை இதுதான்: ஒரு டம்ளர் தண்ணீரை அந்தக் கையால் தானே எடுத்துக் குடிக்க வேண்டும். குடித்தால் இயந்திரம் அவனுக்கே. இல்லையென்றால் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும்.

"இனிமே நானே சாப்பிடுவேன்க்கா. நீ கொஞ்சம் உக்காரு" என்று முந்தின நாள் குழறிக் குழறிச் சொன்னான்.

சோதனையன்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். டம்ளர் உயர்ந்தது. மோவாய்க்கு வந்ததும் அவன் தோள் நடுங்கத் தொடங்கியது. முகமெல்லாம் வியர்வை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு விரற்கடைதான். பாவி, எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"போதும்டா, விடு."

விரல்கள் ஒழுங்காகத் திறந்தன. தண்ணீர் முழுவதும் அவன் மடியில் கொட்டியது.

இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாள் அந்தப் பெண். தோள் எழும்பவே இல்லை. அவள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பட்டைகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

பஸ்ஸில் நனைந்த பேண்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நான் முன்சீட்டுக் கம்பியை விரல் வெளுக்கப் பிடித்திருந்தேன். அழுகையை அடக்க வேறு வழி தெரியவில்லை. என் நாக்கில் இடி விழ என்று முனகினேன். அவன் இடது கையை என் கைமேல் வைத்தான்.

"விடுக்கா" என்றான்.

குழறித்தான் வந்தது. என் விரல்கள் திறந்தன.